சொல்லுக்கு முப்பது பைசா

"எழுதத் தெரிந்தால் போதும். வீட்டை விட்டு நகராமல் மாதம் ஐம்பதாயிரம் எடுக்கலாம்." கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் பட்டம் முடித்த பெண்ணுக்கும், செராமிக் டிப்ளமோவோடு வேலைக்குக் காத்திருக்கும் பையனுக்கும், குழந்தை பிறந்தபின் தனியார் பள்ளி வேலையை விட்ட ஆசிரியைக்கும் சொந்தக்காரர்கள் இன்று சொல்லும் யோசனை இந்த ஒன்றுதான். ஒரு லேப்டாப் போதுமாம், டாலரில் பணம் வருமாம், யூடியூபில் சொன்னார்களாம். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் யோசனைதான். ஆனால் தவறான யோசனை. நம்பி இறங்கியவர்களின் காலத்தையும் காசையும் தின்றுகொண்டிருக்கும் யோசனை.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் முழுபலத்தோடு வைத்துவிடலாம். விருத்தாசலம் பெரிய ரயில் சந்திப்பு. ஆனால் அந்த ரயில்கள் படித்தவர்களை ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு போகத்தான் அதிகம் உதவுகின்றன. வைகை எக்ஸ்பிரஸையோ பல்லவனையோ பிடித்துச் சென்னைக்குப் போனால், விடுதி வாடகையும் சாப்பாடும் போகக் கையில் நிற்பது சொற்பம். ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பீங்கான் தொழில், படித்து முடித்த எல்லாரையும் தாங்காது. பெண்பிள்ளையை வெளியூர் அனுப்ப மறுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இணையத்தில் எழுதுவதற்கோ கடை வேண்டாம், இயந்திரம் வேண்டாம், சூளை வேண்டாம். அமெரிக்காக்காரருக்கு இருபது டாலர் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவு. இங்கே அது ஒரு வாரத்துக் காய்கறி, பால். தென்காசி அருகே மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஸோஹோ உலகத்துக்கே மென்பொருள் செய்கிறதே, கிராமம் எதற்குத் தடை? இதில் உண்மையாகவே சம்பாதித்தவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் எதையும் மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவை.

1. முதல் போடாத தொழில் என்று யார் சொன்னது? லேப்டாப், இணைய இணைப்பு, கரன்ட் போனால் தாக்குப்பிடிக்க யுபிஎஸ் என்பவை கண்ணுக்குத் தெரியும் முதல். பிழையில்லாமல், வாசிக்கும்படி ஆங்கிலம் எழுத வருவது அதைவிடப் பெரிய முதல். பன்னிரண்டு வருடம் தமிழ்வழியில் படித்தவரிடம் அது பெரும்பாலும் இருக்காது. அது அவருடைய குறையுமல்ல. அவருக்கு யாரும் அதைத் தரவில்லை. மூன்றாவது முதல் காத்திருப்பு. ஃப்ரீலான்ஸ் வேலைகளுக்கான அப்வொர்க் தளத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவே காசு கட்ட வேண்டும். கனெக்ட்ஸ் என்று அதற்குப் பெயர். ஒன்று 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்குப் பத்துக்கு மேல் செலவாவது சாதாரணம். வேலை கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு போனதுதான். ரேட்டிங் இல்லாதவருக்கு வேலை வராது, வேலை வராமல் ரேட்டிங் ஏறாது. இந்த முடிச்சு அவிழும்வரை வீட்டில் அரிசி வாங்குவது யார்? இதில் நிலைத்தவர்கள் பலருக்கும் அந்தக் காலத்தில் அப்பாவின் பென்ஷனோ கணவரின் சம்பளமோ முட்டுக்கொடுத்திருக்கும். வெற்றிக்கதைகளில் அந்தச் சம்பளம் மட்டும் பேசப்படுவதில்லை.

2. கூலியைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்களா? உள்நாட்டு ஏஜென்சிகள் புதியவர்களுக்குச் சொல்லுக்கு இருபது பைசா, முப்பது பைசா என்றுதான் பேச்சைத் தொடங்குகின்றன. அப்படி வரும் ஒரு ஆர்டர் ஏறக்குறைய இப்படி இருக்கும்: மிக்ஸி வாங்குவது எப்படி என்று ஆயிரம் சொல்லில் ஆங்கிலக் கட்டுரை, குறிப்பிட்ட கீவேர்ட் எட்டு இடத்தில் வர வேண்டும், நாளை காலை பத்து மணிக்குள் வேண்டும், இரண்டு முறை திருத்தம் இலவசம், ஏ.ஐ. டிடெக்டரில் தேற வேண்டும். எழுதியவர் பெயர் வராது. தகவல் தேடி, எழுதி, திருத்தி அனுப்ப நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முப்பது பைசா கணக்கில் கிடைப்பது 300 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய்.

அதே ரேட்டில் ஐம்பதாயிரம் எடுக்க மாதம் சுமார் 1,67,000 சொல் எழுத வேண்டும். இருபத்தைந்து நாள் வேலை என்று வைத்தால் தினம் 6,600 சொல்லுக்கு மேல். பருமனான நாவல் ஒன்றின் அளவுக்கு மாதாமாதம் எழுதித் தள்ளும் மனிதர் எவர்?

டாலர் கணக்குக்கு வரலாம். ஃபைவர் தளம் எழுதுபவரின் பங்கில் 20 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. பத்து டாலர் வேலைக்கு எட்டு டாலர்தான் சொந்தம். வேலை முடிந்ததாகக் கணக்கானபின் புதியவரின் பணம் 14 நாள் அங்கேயே கிடக்கும். பிறகு ரூபாயாக மாறி வங்கிக்கு வரும் வழியில் இன்னும் கொஞ்சம் கழியும். இந்தக் கழிவுகளைச் சொல்லாமல் டாலரை 80ஆலும் 90ஆலும் பெருக்கிக் காட்டுவது கணக்கல்ல.

மண்ணைத் தொட்டு வேலை செய்யும் ஊருக்கு எண்ணிக்கைக் கூலி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அகல்விளக்கு இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்று பேசுவதும், கட்டுரை இத்தனை சொல்லுக்கு இவ்வளவு என்று பேசுவதும் ஒரே வகைக் கூலிதான். ஆனால் சூளையில் விரிசல் விட்ட விளக்கைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். தப்பு மண்ணிலா, அச்சிலா, சூட்டிலா என்று பேசலாம். "எங்களுக்குச் சரியாக வரவில்லை" என்று ஒரு வரியில் திருப்பப்பட்ட கட்டுரையைப் பற்றி யாரிடம் பேசுவது?

3. "ஆரம்பம் அப்படித்தான். திறமை இருந்தால் ரேட் தானாக ஏறும்." இந்தத் தரப்பின் முதுகெலும்பு இந்த வாதம்தான். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம் இஹவ் போன்ற தளங்களுக்காக வீட்டிலிருந்து எழுதுகிறவர்களைத் திரட்டியது. கட்டுரைக்கு 15 டாலர் அளவில் கூலி. 2011 ஜனவரியில் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. அடுத்த மாதம் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. பாண்டா என்று அதற்குப் பெயர். ஏப்ரலில் அந்த அடி இஹவ் மீதும் விழுந்தது. அந்த ஆண்டுக்குள்ளேயே எழுதுகிறவர்களுக்கான வேலையை நிறுவனம் வெட்டிவிட்டது. அவர்களில் நன்றாக எழுதியவர் இருந்தார், சுமாராக எழுதியவர் இருந்தார். இருவருக்கும் வேலை ஒன்றாகத்தான் போனது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பிறகு அப்வொர்க்கில் என்ன நடந்தது என்று ஷியாங் ஹுய், ஓரன் ரெஷெஃப், லுவோஃபெங் ஜோ ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். எழுத்து சார்ந்த வேலையில் இருந்தவர்களுக்குக் கிடைத்த பணிகள் 2 சதவீதமும் மாத வருமானம் 5.2 சதவீதமும் குறைந்தன. அது முதல் சில மாதங்களின் கணக்கு மட்டுமே. அந்த ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: நல்ல பெயர் எடுத்து உயரத்தில் இருந்தவர்களை அவர்களுடைய தரம் காப்பாற்றவில்லை. திறமை இருந்தால் ஏறலாம் என்று சொல்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. எளிதில் இயந்திரமாக்கக்கூடிய எழுத்து, கோடிங் வேலைகளுக்கான விளம்பரங்கள் 21 சதவீதம் குறைந்ததாகவும், எழுத்து வேலையில் சரிவு சுமார் 30 சதவீதம் என்றும் பின்னர் வந்த இன்னொரு ஆய்வு கண்டது.

இது விருத்தாசலம் அறியாத கதையல்ல. பீங்கான் பியூஸ் கட்டை இந்த ஊர்ச் சூளைகளின் முக்கியச் சரக்குகளில் ஒன்று. வீட்டு மின்பலகைகளில் எம்.சி.பி. சுவிட்ச் வந்தபின் அந்தக் கட்டைக்கு இருந்த தேவை சுருங்கியது. அதை வார்த்த கைகளில் எந்தக் குறையும் இருக்கவில்லை. வாங்குகிறவரின் தேவை மாறியது.

ஏ.ஐ. டிடெக்டர் சங்கதி இன்னும் கொடுமையானது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அந்தக் கருவிகள் சொல்லின. எளிய சொற்களில், பாடப்புத்தக வாக்கிய அமைப்பில், கவனமாக எழுதுகிறவர்தான் அதிகம் மாட்டுகிறார். விருத்தாசலத்தில் உட்கார்ந்து ஆங்கிலம் எழுதும் முதல் தலைமுறைப் பட்டதாரி எப்படி எழுதுவார்? அப்படித்தான் எழுதுவார். ராத்திரி முழுக்கக் கண்விழித்து எழுதியதை இயந்திரம் எழுதியது என்று சொல்லிக் காசு மறுக்கப்பட்டால், தான்தான் எழுதினேன் என்று அவர் எதைக் காட்டி நிரூபிப்பது?

4. சரி, ஆங்கிலம் வேண்டாம், தமிழில் எழுதலாமே என்பார்கள். வழிகள் இருக்கின்றன, உண்மை. கிண்டிலில் 2016 டிசம்பரில் தமிழ் வந்தது. கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றது. பிரதிலிபி தளத்தில் ஏராளமானோர் தொடர்கதை எழுதுகிறார்கள். ஆனால் ஆட்சென்ஸில் பத்து டாலர் சேர்ந்தபின்தான் முகவரியை உறுதிசெய்யும் பின் நம்பர் தபாலில் வரும்; நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கும் விளம்பரக் காசு ஆங்கிலப் பக்கங்களுக்குக் கிடைப்பதைவிட வெகு குறைவு என்பதால், அந்த நூறு டாலரைக் காணாமலே நின்றுபோன தமிழ் வலைப்பக்கங்கள் ஏராளம். 2024 ஆகஸ்டில் கூகுளின் ஏ.ஐ. ஓவர்வியூஸ் இந்தியாவுக்கு வந்தபின், விடையைத் தேடல் பக்கத்திலேயே படித்துவிட்டு நகர்கிறவர்கள் கூடிவிட்டார்கள். உள்ளே வராத வாசகருக்கு விளம்பரம் காட்ட முடியாது.

எழுதத் தெரிந்தால் போதும் என்பவர்கள் இந்த ஊரிலேயே சுற்றிப் பார்க்கட்டும். 'கோவேறு கழுதைகள்' எழுதி, 'செல்லாத பண'த்துக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையம் விருத்தாசலத்தில் வாழ்கிறவர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 'அஞ்சலை' நாவலையும் நடுநாட்டுச் சொல்லகராதியையும் தந்த கண்மணி குணசேகரன் பக்கத்து மணக்கொல்லைக்காரர்; அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை செய்தவர். நவீனத் தமிழில் இவர்களுக்கு எழுதத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. இருவரும் சம்பளம் வரும் வேலையில் இருந்துகொண்டுதான் எழுதினார்கள். சுஜாதாவுக்குப் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வேலை இருந்தது. லட்சக்கணக்கில் வாசகர் இருந்த எழுத்தாளரே மாதச் சம்பளத்தை விடாமல் வைத்திருந்தார் என்றால், இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் எழுத்தை மட்டும் நம்பு என்று சொல்ல யாருக்கு மனம் வருகிறது?

5. வீடு என்பது பெண்ணுக்கு ஆபீசா? 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அந்தக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தின் மேல்தான் இந்த எழுத்து வேலை ஏற்றி வைக்கப்படுகிறது. அவள் வெளியே வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது, மாமியாருக்கு மாத்திரை யார் தருவது என்ற பேச்சாவது வீட்டில் எழும். வீட்டிலேயே இருக்கும்போது அந்தப் பேச்சே எழுவதில்லை. "சும்மாதானே லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கே" என்று குக்கரை இறக்கச் சொல்வார்கள். எல்லாரும் தூங்கியபின் பதினொரு மணிக்கு அவள் வேலை தொடங்குகிறது. இதைச் சுதந்திரம் என்று விற்பதுதான் இந்தப் பிரசாரத்திலேயே மிக வருத்தமான பகுதி. சம்பளம் குறைவென்றாலும், அந்த ஆசிரியை விட்டுவந்த பள்ளி வேலை அவளுக்குச் சக ஆசிரியைகளையும், கையில் வரும் சம்பளத்தையும், வீட்டைவிட்டு வெளியே போக ஒரு காரணத்தையும் கொடுத்தது. அதை விடச் சொல்லி இதற்கு அனுப்புவது அவளைப் பின்னுக்குத் தள்ளுவதாகும்.

6. இந்த ஆசையில் உறுதியாகக் காசு பார்க்கிறவர்கள் பயிற்சி விற்கிறவர்கள். அவர்களுக்கும் கீழே மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு டைப்பிங் வேலை தருவார்கள், பிழை இருக்கிறது என்று கூலியை மறுப்பார்கள், பிறகு ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டி மேலும் பறிப்பார்கள். பகுதிநேர வேலை என்ற பெயரில் ஏமாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. வேலை தருகிறவர் காசு கேட்டால் அது வேலையல்ல. ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

7. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு வேறு. எல்லாம் தனிமனிதத் திறமை என்று சொல்லிச் சொல்லி, இது கூலி வேலை என்பதையே மறக்கடித்துவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணை 1966ஆம் ஆண்டுச் சட்டமே தொழிலாளி என்று ஏற்றது. அவரைவிட அதிகம் படித்த, வீட்டில் உட்கார்ந்து எழுதும் பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடையாது, பி.எஃப். கிடையாது, பிரசவ விடுப்பு கிடையாது. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. நியூயார்க் நகரில் 2017 முதல் 800 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் தந்தாக வேண்டும். அங்கே ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவர்கள் கூடிப் போராடியதால் வந்த சட்டம் அது. இங்கே பணம் வராதவர் தன் ஆங்கிலத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கிறார்.

ஸோஹோவைக் காட்டுகிறவர்களுக்கும் இங்கேதான் பதில். மத்தளம்பாறையில் வேலை பார்ப்பவர் நிறுவனத்தின் ஊழியர். அவருக்கு மாதாமாதம் சம்பளம். சிற்றூரில் இருந்து உலகத்துக்கு வேலை செய்யலாம் என்பதற்கு அது சான்று. ஃப்ரீலான்ஸ் எழுத்தால் குடும்பம் நடத்தலாம் என்பதற்கு அது சான்றாகாது.

அப்படியானால் வீட்டிலிருந்து எழுதவே கூடாதா? எழுதலாம். எழுத்தோடு வேறொரு துறை அறிவும் இருப்பவர் எழுதலாம். விருத்தாசலத்து அரசு செராமிக் கல்வி நிலையத்தில் படித்தவருக்கு மண் கலவையும் மெருகும் தெரியும்; ஆயிரத்து இருநூறு டிகிரியில் எது வெடிக்கும், ஏன் வெடிக்கும் என்றும் தெரியும். நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் நடக்கிறது; அங்கிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு போகிறது. அந்தச் சரக்கோடு போகும் தொழில்நுட்பக் குறிப்பையும் பயன்பாட்டுக் கையேட்டையும் மிக்ஸி கட்டுரை எழுதுகிறவரால் எழுத முடியாது. இவரால் முடியும். அதற்கு அவருக்குத் தொழில்நுட்ப ஆங்கிலம் வேண்டும். ஒரு பருவம் அதைச் சொல்லிக்கொடுக்கக் கல்வி நிலையத்துக்குப் பெரிய செலவு ஆகாது. யூடியூப் பயிற்சிகள் இதைத் தருவதில்லை.

எழுத வருகிறவர் முதல் ஆர்டருக்கு முன்பே ரேட், தேதி, எத்தனை திருத்தம் என்பதை மெயிலில் எழுதி வாங்கட்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதைச் செய்துகொள்ளட்டும். பதிவுபெற்ற சிறுதொழிலுக்கு இந்திய வாடிக்கையாளர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது; தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அதற்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கையிலிருக்கும் வேலையை, ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் சேரும்வரை விடாதிருக்கட்டும்.

மீதியை அரசு செய்ய வேண்டும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் நலனுக்குப் பங்களிக்க வேண்டிய இணையத் தளங்களின் பட்டியல் அதன் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. டாக்சி, உணவு டெலிவரி ஆகியவற்றோடு 'கன்டென்ட் மற்றும் ஊடகச் சேவை'களும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் அவர்களில் 2,000 பேர் இ-ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அவசியமான உதவிதான். அதே வாரியம் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறவரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். ஏஜென்சிகள் சொல்லுக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச ரேட்டை அறிவிக்க வேண்டும். வராத கூலிக்குப் புகார் கொடுக்கக் கடலூர் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.